வேறு மாடலின் அலுமினியப் பெடல் கவர்: ஒரு காரில் எது பொருந்தியது, எது பொருந்தவில்லை

கார் ஒரு ஐந்து கதவு ஹேட்ச்பேக். மேனுவல் கியர். ஆக்சிலரேட்டர் மேலிருந்து தொங்கும் வகை. இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலுக்குக் கேபிள் கிடையாது, சென்சாரும் ஒயரும்தான். ஓட்டுகிறவன் என் சித்தப்பா மகன். பிரேக் பெடலின் ரப்பர் பேட் தேய்ந்து, வலது ஓரத்தில் வரிகளே இல்லாமல் வழவழவென்று ஆகியிருந்தது. மாற்றியே ஆக வேண்டிய நிலை. "எப்படியும் மாத்தத்தான் போறோம் அண்ணா, அலுமினியம் போட்டுடலாமா?" என்று கேட்டான். அவனுடைய மாடலுக்கு நிறுவனம் அலுமினியக் கவர் தரவில்லை. ஆகவே வேறு மாடல்களுக்காகச் செய்யப்பட்டதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

போடலாம் என்றுதான் சொன்னேன். ஆனால் ஒரு கவர் பெடலை எதைக்கொண்டு பிடித்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் மாட்டக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். பளபளப்பு, துளைகளின் வடிவம், மேலே பொறித்திருக்கும் எழுத்து எல்லாம் அதற்கு அப்புறம்தான். கால் வைக்கும் இடத்தில் மாற்றம் செய்கிறோம். அவசரத்தில் அந்தக் காலுக்கு யோசிக்க நேரம் இருக்காது.

கையில் வந்த மூன்று செட்

முதல் செட், இதே பிளாட்ஃபார்மில், அதாவது இதே அடிக்கட்டமைப்பில், செய்யப்பட்ட இன்னொரு மாடலின் ஸ்போர்ட் வேரியன்ட்டில் வருவது. வெளியே உடல் வேறு, பெயர் வேறு. உள்ளே பெடல் கட்டமைப்பு பெரும்பாலும் ஒன்று. கார் தொழிலில் இது சாதாரணம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பிக்யூ35 பிளாட்ஃபார்மையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் தலைமுறை கோல்ஃப், இரண்டாம் தலைமுறை ஆடி ஏ3, இரண்டாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா, இரண்டாம் தலைமுறை சியட் லியான் எல்லாம் அதன் மேல் கட்டப்பட்டவை. இப்படிப்பட்ட குடும்பங்களில்தான் ஒரு காரின் பெடல் பேட் இன்னொன்றில் அப்படியே உட்காரும் வாய்ப்பு அதிகம். ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்கள் என்பதால் மட்டும் பொருந்திவிடாது. பிளாட்ஃபார்ம் ஒன்றாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, அதே நிறுவனத்தின் பெரிய செடானிலிருந்து எடுத்த பிரேக் கவர். அது ஆட்டோமேட்டிக் கார். கிளட்ச் இல்லாததால் பிரேக் பெடலை அகலமாகச் செய்திருப்பார்கள். எங்கள் பெடல் தகட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். "ஓரத்தை வெட்டி சின்னதாக்கிக்கலாமே" என்று தம்பி கேட்டான். வெட்டினால் கவரின் பின்பக்கம் தகட்டைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் உதடு ஒரு பக்கம் போய்விடும். மிச்சம் மூன்று பக்கப் பிடியை நம்பி பிரேக் மிதிக்க முடியாது. அதை அப்போதே ஒதுக்கிவிட்டோம்.

மூன்றாவது, எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் செட். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றுக்கும் தட்டையான அலுமினியத் தகடுகள். பின்னால் கொக்கி போன்ற கிளாம்புகள், நீளமான போல்ட்டுகள், நட்டுகள். பார்வைக்கு மூன்றிலும் இதுதான் அழகு. தம்பியின் மனமும் அதிலேதான் இருந்தது. அதனால் வேண்டாம் என்று வாயால் சொல்லி நிறுத்தாமல், காரை நிறுத்திவைத்து மாட்டி அளந்து பார்த்தோம். தெருவுக்கு அதைக் கொண்டுபோகவில்லை.

பிரேக்

ரப்பர் பேட் எப்படி நிற்கிறது என்று கழற்றிப் பார்த்தால்தான் புரியும். பெடல் கையின் நுனியில் ஓர் இரும்புத் தகடு. ரப்பரின் பின்பக்கம் சுற்றிலும் உள்நோக்கி மடிந்த உதடு. பானையின் வாயில் இழுத்துக் கட்டிய துணி போல அந்த உதடு தகட்டின் நான்கு ஓரங்களையும் கவ்விக்கொள்கிறது. பசை கிடையாது, ஸ்க்ரூ கிடையாது. எந்தப் பக்கம் தள்ளினாலும் எதிர்ப்பக்க உதடு தகட்டின் விளிம்பில் மாட்டி நிறுத்துகிறது. கால் எவ்வளவு கோணலாக விழுந்தாலும் பேட் தகட்டை விட்டுப் போகாது.

ஸ்போர்ட் வேரியன்ட்டின் கவரும் இதே முறைதான். மேலே மெல்லிய உலோகத் தகடு, அடியில் முழு ரப்பர் பேட், உலோகத்தில் உள்ள துளைகள் வழியாக எட்டிப்பார்க்கும் ரப்பர் மொட்டுகள். உலோகம் ரப்பரைப் பிடித்திருக்கிறது. ரப்பர் பெடலைப் பிடித்திருக்கிறது. எனவே நாம் அளக்க வேண்டியது பின்பக்கக் குழியைத்தான். பெடல் தகட்டின் நீளம், அகலம், தடிமன், மூலைகளின் வளைவு ஆகிய நான்கையும் வெர்னியர் காலிப்பரால் எடுத்து, பழைய பேட்டின் குழியோடும் புதுக் கவரின் குழியோடும் ஒப்பிட்டேன். அளவுகள் ஒத்துப்போயின. வெளி அளவில் மட்டும் புதுசு ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. கூடுதல்.

மூலை வளைவைப் பலர் பார்ப்பதில்லை. நீள அகலம் சரியாக இருந்து, தகட்டின் மூலை கூராகவும் கவரின் மூலை உருண்டையாகவும் இருந்தால், மாட்டும்போது இழுபட்டு உட்கார்ந்துவிடும். நன்றாகப் பொருந்தியது போலவே தோன்றும். ஆனால் அந்த மூலையில் ரப்பர் எப்போதும் இழுவிசையில் இருக்கும். வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டு, கிழிசல் அங்கேதான் தொடங்கும். கிழிந்த பின் கவர் சுழல ஆரம்பிக்கும்.

பிரேக் பெடலுக்கு வரும் விசையையும் நினைவில் வையுங்கள். கார்களின் பிரேக் திறனைச் சோதிக்கும் ஐ.நா. ஒழுங்குவிதி 13-எச், பெடலில் கொடுக்கும் விசைக்கு 500 நியூட்டன் என்று உச்சவரம்பு வைக்கிறது. அது 51 கிலோ எடையைப் பெடல் மேல் வைத்ததற்குச் சமம். பயந்துபோய் மிதிக்கிறவரின் கால் அந்த எல்லையைப் பார்த்துக்கொண்டு நிற்காது. அவ்வளவு விசையும் பேட்டின் நடுவில் நேராக விழும் என்ற உறுதியும் இல்லை. ஷூவின் ஓரம் மட்டும் பட்டு, பாதி விசை பக்கவாட்டில் போகலாம்.

மூன்றாவது செட்டின் பிரேக் தகடு இந்த இடத்தில்தான் தோற்றது. கிளாம்புகள் பெடல் தகட்டின் இடது, வலது ஓரங்களைப் பிடித்தன. மேலும் கீழும் எதுவும் இல்லை. நட்டுகளை இறுக்கிவிட்டு, ஈரமான ஷூவோடு ஓரத்தில் பலமாக மிதித்துச் சோதித்தேன். தகடு கீழ்நோக்கி நழுவிச் சாய்ந்தது. இன்னும் இறுக்கலாம்தான். ஆனால் அலுமினியத்தையும் இரும்பையும் நேரடியாக இறுக்கி, நடுவில் ரப்பரும் ஸ்பிரிங் வாஷரும் இல்லாமல் விட்டால், அதிர்விலும் ஒவ்வொரு மிதியிலும் இறுக்கம் குறைந்துகொண்டே போகும். நைலான் வளையம் உள்ள லாக் நட்டு போட்டால் நட்டு கழலாது, உண்மை. அது நழுவலை நிறுத்தாது. மேலும் கீழும் பிடிப்பே இல்லாததுதான் அங்கே குறை. கழன்று விழும் ஒரு தகடு பிரேக் பெடலுக்கு அடியில் போய் நின்றால் என்ன ஆகும் என்று எழுதிக்காட்டத் தேவையில்லை.

கிளட்ச் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலான மேனுவல் கார்களைப் போல இதிலும் பிரேக், கிளட்ச் இரண்டின் தகடும் ஒரே அளவு. பிரேக்குக்குப் பொருந்தியது கிளட்ச்சுக்கும் பொருந்தியது.

ஆக்சிலரேட்டர்

எல்லோரும் பிரேக்கைப் பார்த்துப் பயப்படுவார்கள்; ஆக்சிலரேட்டர் கவரைச் சாதாரணமாக நினைப்பார்கள். என் அனுபவத்தில் அதிகக் கவனம் கேட்பது ஆக்சிலரேட்டர்தான். காரணம், இதில் கழற்றி மாட்டும் ரப்பர் பேட் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. தொங்கும் வகையில் பெடல் கை முழுவதும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. ஸ்போர்ட் வேரியன்ட்டில் தெரியும் உலோக முகப்பும் பல கார்களில் அந்த வார்ப்போடு சேர்த்தே வருகிறது. தனியாகப் பிய்த்து இன்னொன்றில் ஒட்ட முடியாது. மஸ்டாவின் சிஎக்ஸ்-5 போன்ற கார்களில் ஆக்சிலரேட்டர் தரையில் கீல் வைத்து நிற்கும் வகை. நிற்கும் பெடலின் கவரைத் தொங்கும் பெடலுக்கோ, தொங்குவதன் கவரை நிற்பதற்கோ எந்த வேலை செய்தும் பொருத்தக் கூடாது. இரண்டும் நகரும் பாதையே வேறு.

மூன்றாவது செட்டின் ஆக்சிலரேட்டர் தகட்டைக் கிளாம்பு போட்டு மாட்டினோம். துளை போட வேண்டிய மாதிரியும் சந்தையில் உண்டு. பிளாஸ்டிக் பெடல் கையில் துளை போடுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். விரிசல் துளையிலிருந்துதான் ஓடத் தொடங்கும். கிளாம்பு மாதிரியிலேயே நான்கு சிக்கல்கள் தெரிந்தன.

முதலாவது, முழு மிதி. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை ஓபிடி சாக்கெட்டில் செருகி, இக்னிஷன் ஆனில், இன்ஜின் ஓடாமல், ஆக்சிலரேட்டர் பெடல் நிலை காட்டும் எண்ணைப் பார்த்தேன். கவர் இல்லாதபோது முழுவதும் அழுத்தினால் 82 சதவீதம் காட்டியது. முழு மிதியிலும் 100 காட்டாத கார்கள் நிறைய, அது கோளாறில்லை. முன்னும் பின்னும் அதே எண் வருகிறதா என்பதுதான் கேள்வி. கவர் மாட்டியதும் 76-இல் நின்றுவிட்டது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் வால் தரைக் கம்பளத்தில் போய் முட்டியது. முந்திச் செல்லும்போது கடைசிப் பகுதி மிதி இல்லாமல் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். கம்பளத்தில் குத்தி நிற்கும் போல்ட், காலை எடுத்த பிறகும் நூலில் மாட்டிக்கொண்டு பெடலைப் பிடித்து வைக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆட்டோமேட்டிக் காராக இருந்தால், முழுவதும் மிதித்ததும் கியரைக் கீழே இறக்கும் கிக்டவுனும் வேலை செய்யாமல் போயிருக்கும்.

இரண்டாவது, கீழ் விளிம்பு. அந்தத் தகடு ஒரிஜினல் பெடலைவிட நீளம். கீழ் ஓரம் தரையில் விரித்திருக்கும் மேட்டுக்கு மிக அருகில் இறங்கியது. இதில் வரலாறே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2009-இல் டொயோட்டா அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. தரை மேட் முன்னால் நகர்ந்து, அழுத்திய ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்துதான் காரணம். அதற்கான தீர்வுகளில் ஒன்று ஆக்சிலரேட்டர் பெடலின் வடிவத்தையே மாற்றியமைத்தது. பெடலின் கீழ்ப் பகுதியைக் குறுக்கி, மேட்டிலிருந்து இடைவெளியைக் கூட்டினார்கள். பின்னர் நாசாவின் பொறியாளர்களும் சேர்ந்து ஆராய்ந்து 2011-இல் முடிவு வெளியானபோது, எலக்ட்ரானிக் கோளாறுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை; மேட்டில் சிக்கும் பெடல், ஒட்டிக்கொள்ளும் பெடல் ஆகிய இயந்திரக் காரணங்களே நின்றன. ஒரு பெரிய நிறுவனம் குறுக்கிய அதே கீழ் விளிம்பை, நாம் அலுமினியத் தகடு வைத்து நீட்டுவது சரியா? இதைச் சொன்னபோதுதான் தம்பி அந்தச் செட்டின் மீதிருந்த ஆசையை விட்டான்.

மூன்றாவது, பக்கவாட்டு இடைவெளி. பெடல்களின் அமைப்புக்கென்றே ஐ.நா. ஒழுங்குவிதி 35 இருக்கிறது. ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் நடுவே குறைந்தது 50 மி.மீ. வேண்டும் என்கிறது அது. இந்தக் காரில் ஒரிஜினலாக இருந்தது 60. மூன்றாவது செட்டைப் பிரேக்கிலும் ஆக்சிலரேட்டரிலும் மாட்டியபோது, இரண்டு தகடுகளும் ஒன்றை நோக்கி ஒன்று நீண்டு, 44-ஆகக் குறைந்தது. அகலமான ஷூ போட்டவர் பிரேக்கை மிதிக்கும்போது ஓரமாக ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அழுத்துவதற்கு அது போதும்.

நான்காவது, உயரம். ஓய்வு நிலையில் பிரேக்கின் முகம் ஆக்சிலரேட்டரின் முகத்தைவிட ஓட்டுநரை நோக்கி முன்னால் நிற்கும். இந்த வித்தியாசம் இருப்பதால்தான் பிரேக்கை மிதிக்கும் கால் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கடந்து போகிறது. ஆக்சிலரேட்டரின் மேல் மட்டும் தடிமன் ஏற்றினால் வித்தியாசம் குறைகிறது. பந்தயப் பழக்கத்தில் குதிகாலும் நுனிக்காலுமாக இரண்டையும் சேர்த்து மிதிப்பவர்கள் வேண்டுமென்றே அதைக் குறைத்துக்கொள்வதுண்டு. குடும்பத்தில் பலர் ஓட்டும் காருக்கு அது வேண்டாம்.

சென்சார் பக்கத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டரில் பெடல் நிலையை இரண்டு தனித்தனி சிக்னல்கள் சொல்கின்றன. கம்ப்யூட்டர் அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பெடல் உண்மையிலேயே கம்பளத்தில் சிக்கி அழுந்தியிருந்தால் இரண்டு சிக்னலும் ஒத்துப்போகும். கம்ப்யூட்டருக்கு அது ஓட்டுநரின் கால்தான். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புத் தரம் 124, காலை எடுத்ததும் இலகு வாகனத்தின் த்ராட்டில் சாதாரண வெப்பநிலையில் 1 வினாடிக்குள் ஐடிலுக்கு, அதாவது மிதிக்காத நிலைக்கு, திரும்ப வேண்டும் என்கிறது. திருப்பி இழுக்க குறைந்தது இரண்டு விசை ஆதாரங்கள் வேண்டும் என்றும் கேட்கிறது. நிறுவனம் இரண்டு ஸ்பிரிங் வைத்து உறுதிசெய்த அந்தத் திரும்புதலை ஒரு போல்ட் கெடுக்க விடக் கூடாது.

ஆக, மூன்றாவது செட் முழுவதும் பெட்டிக்குள் திரும்பிப் போனது.

மாட்டிய விதம்

பழைய பேட்டின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளினால் உதடு விட்டுவிடும். அடியில் தகட்டில் துரு இருந்தது. அதைத் தேய்த்தெடுத்து, மெல்லியதாகப் பெயின்ட் அடித்து, நன்றாகக் காயவிட்டோம். தடிமனாக அடித்தால் குழிக்குள் உட்காராது.

புதுக் கவரைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் ரப்பர் இளகும். வழுக்கி உட்கார சோப்புத் தண்ணீர் போதும். காய்ந்தால் பிடிப்பு வந்துவிடும். எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது. அது உள்ளேயே தங்கி, கவரை வழுக்க விடும், ரப்பரையும் ஊத வைக்கும். கீழ் உதட்டை முதலில் மாட்டி, பக்கங்களை ஏற்றி, மேல் உதட்டைக் கடைசியில் இழுத்துவிட்டோம். உதட்டைத் தள்ள முனை மழுங்கிய பிளாஸ்டிக் கரண்டிக் காம்பைப் பயன்படுத்தினேன். ஸ்க்ரூ டிரைவரை நான் தொடுவதில்லை. அது போடும் சிறு கீறல் பிறகு கிழிசலாக வளரும். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து நான்கு ஓரங்களையும் பின்பக்கத்திலிருந்து பார்த்தோம். முன்பக்கம் கச்சிதமாகத் தெரிந்தாலும் மேல் உதட்டின் ஒரு மூலை உள்ளே மடிந்து கிடப்பது வழக்கம். இங்கும் கிளட்சில் அப்படித்தான் இருந்தது. கழற்றி மறுபடி மாட்டினோம். காரை அன்று இரவு எடுக்காமல் காய விட்டோம்.

மறுநாள் சோதனை. இன்ஜின் நிறுத்திய நிலையில், ஷூ அடியை நனைத்து, நடுவிலும் நான்கு மூலைகளிலும் முழு பலத்தோடு மிதித்தோம். கவர் அசையவில்லை. பிரேக் முகம் பழைய தேய்ந்த ரப்பரைவிட 3 மி.மீ. முன்னால் வந்திருந்தது. இரண்டு பெடல்களுக்கும் இடையே பக்கவாட்டில் 59. ஸ்டாப் லைட் மிதித்ததும் எரிந்தது, விட்டதும் அணைந்தது. பிறகு காலியான நீண்ட இடத்தில் மெதுவாக ஓட்டி, படிப்படியாகப் பலமாக பிரேக் பிடித்துப் பார்த்தோம்.

ஈரத்தில் பிடிப்பு கொடுப்பது ரப்பர் மொட்டுகள்தான், உலோகம் இல்லை. மொட்டுகள் உலோகத்தின் மட்டத்துக்கு மேல் தெளிவாக எழுந்து நிற்க வேண்டும். விரலைத் தடவினால் உலோகத்துக்கு முன் ரப்பர் தட்டுப்பட வேண்டும். மொட்டே இல்லாமல் வெறும் துளைகள் மட்டும் உள்ள கவரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். டாஷ்போர்டுக்கு அடிக்கும் பாலிஷைப் பெடலுக்கும் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சர்வீஸுக்கு விடும்போது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டு பெடல் உலோகமாகவும் ஒன்று கறுப்புப் பிளாஸ்டிக்காகவும் இருப்பது தம்பிக்குக் கண்ணை உறுத்தியது. "பாதி வேலை மாதிரி இருக்கே அண்ணா" என்றான். புரிகிறது. அதற்கு நேர்மையான வழி ஒன்றுதான்: ஸ்போர்ட் வேரியன்ட்டின் ஆக்சிலரேட்டரை சென்சாரோடு சேர்த்து முழு யூனிட்டாக மாற்றுவது. கனெக்டர் ஒன்றுபோல் இருப்பது போதாது. உள்ளே சிக்னல் அளவு வேறாக இருந்தால் செக் இன்ஜின் விளக்கு எரியும், வண்டி சக்தி குறைந்த நிலைக்குப் போய்விடும். முதலில் கிடைத்த யூனிட்டின் பார்ட் நம்பர் கடைசி எழுத்தில் வேறுபட்டது. உதிரிபாகப் பட்டியலில் பார்த்தால் அது வேறு இன்ஜினுக்கானது. வேண்டாம் என்றுவிட்டோம். இந்த இன்ஜினுக்கும் பட்டியலிட்டிருந்த யூனிட் சில மாதங்கள் கழித்துக் கிடைத்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மாற்றினோம். ஸ்கேனரில் முழு மிதி மறுபடி 82 காட்டியது. காலை எடுத்ததும் எண் உடனே பழைய அடிநிலைக்கு வந்தது. கோளாறு குறியீடு எதுவும் இல்லை.

இடது கால் ஓய்வுப் பலகைக்கு இன்னும் ஒரிஜினல் பிளாஸ்டிக்தான். அதற்கு உலோகம் போட்டாலும் போடாவிட்டாலும் ஓட்டுவதில் வித்தியாசம் இல்லை. ஓட்டுநர் பக்க மேட்டைப் பிடிக்கும் கொக்கிகளில் ஒன்று உடைந்திருந்ததைப் பார்த்து, அதைப் புதிதாக மாற்றச் சொன்னேன். ஒவ்வொரு சர்வீஸின்போதும் கவர்களின் பின் உதட்டை டார்ச் அடித்துப் பார்ப்பது என்று முடிவு. மொட்டுகள் தேய்ந்து உலோகத்தின் மட்டத்துக்கு வந்துவிட்டால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தக் கவரைக் கழற்றிப் புது ரப்பர் போட்டுவிட வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.